பணம் போச்சு; பதிலைக் காணோம்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மக்காச்சோளம், உளுந்து, பருத்தி. பெய்யாவிட்டால் கடன்!

ஆகவே, பயிர் காப்பீட்டுக்குக் கடைசி நாள் என்றால் இங்கே ஒரே பரபரப்பு.

விவசாயி ஒருவர் கண்மாய்க் கரையில் நின்று, செல்போனிலேயே காப்பீட்டுப் பணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வெறும் வெள்ளைத் திரை!

பணம் போயிற்றா, இல்லையா? மறுபடியும் அழுத்தலாமா?

கூடாது!

தொலைந்தது எங்கே?

செல்போனில் இணையப் பக்கங்களைக் காட்டுவது பிரவுசர். நீங்கள் பட்டனை அழுத்தியதும் அதிலிருந்து ஒரு கேள்வி புறப்படுகிறது. டவருக்குப் போகிறது. அங்கிருந்து எங்கோ தொலைவில் இருக்கும் 'சர்வர்' என்ற கம்ப்யூட்டருக்குப் போகிறது. சர்வர் வங்கியைக் கேட்கிறது. வங்கி சொன்ன பதில் அத்தனை தூரமும் திரும்பி வரவேண்டும்.

போகும்போது அறுந்தால் நஷ்டம் இல்லை. வேலையே நடக்கவில்லை. திரும்பும்போது அறுந்தால்தான் வம்பு. வேலை முடிந்துவிட்டது, உங்களுக்குத்தான் தெரியாது. இரண்டு சமயத்திலும் திரை ஒரே மாதிரிதான் இருக்கும்!

அந்தக் காலத்து மணியார்டரை நினைத்துப் பாருங்கள். அம்மா கையெழுத்துப் போட்ட ரசீது திரும்பி வராவிட்டால், பணம் அம்மாவுக்குப் போகவில்லை என்று அர்த்தமா? ரசீது தபாலில் தவறியிருக்கலாம். அதற்காக யாரும் இன்னொரு மணியார்டர் அனுப்பியதில்லை. ஊருக்குக் கடிதம் போட்டுக் கேட்டார்கள்.

செல்போனிலும் அதே வழிதான். முதலில் வங்கியின் குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். நெட் கிடைக்காத இடத்திலும் குறுஞ்செய்தி வரும். பிறகு வங்கிக் கணக்கையும், காப்பீட்டுப் பக்கத்தில் உங்கள் விண்ணப்பத்தின் நிலையையும் பாருங்கள். மூன்றிலும் ஒன்றும் இல்லை என்றால், சிறிது நேரம் பொறுத்து மறுபடி கட்டுங்கள்.

கேட்டே கெட்டது!

பெரியவர்களும் இதில் தவறுகிறார்கள். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் பல மணி நேரம் தடுமாறியது. காரணம் என்ன? "அந்தப் பணம் என்ன ஆயிற்று? என்ன ஆயிற்று?" என்று வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் ஓயாமல் கேட்டதுதான்! கேள்விகள் குவிந்து, பதில் வரும் வழியே அடைத்துக்கொண்டது.

அதன் பிறகு கட்டுப்பாடு வந்தது. ஒரு பரிமாற்றத்தின் நிலையை 3 தடவைக்கு மேல் கேட்கக் கூடாது. நடுவே இடைவெளி வேண்டும். 2025 ஆகஸ்டு 1 முதல், ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 தடவைதான் இருப்புத் தொகை பார்க்கலாம். (50 தடவை பார்க்கிற அளவுக்கு இருப்பு இருந்தால் நல்லதுதான்!)

போன் செய்யும் குறும்பு

சில சமயம் பதில் பத்திரமாக வந்து சேரும். போனே அதை மறைத்துவிடும்.

ரசீது புது ஜன்னலில் திறக்கும்படி சில பக்கங்களை அமைத்திருப்பார்கள். விளம்பரத் தொல்லைக்குப் பயந்து பிரவுசர் புது ஜன்னலைத் தடுத்துவிடும். அமைப்புகளில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

போனில் தேதியைப் பாருங்கள். பழைய வருஷத்தைக் காட்டினால், அரசாங்கப் பக்கத்தையே போலி என்று பிரவுசர் சந்தேகப்படும். மிகப் பழைய போன்களில் தேதி சரியாக இருந்தாலும் இந்தச் சந்தேகம் வரும். பக்கங்களின் சான்றிதழ்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய போனுக்குப் புதியவற்றைத் தெரியாது. அப்போது வேறு போனில் முயல்வதே நல்லது.

ஓபரா மினி போன்றவை நெட்டை மிச்சப்படுத்தப் பக்கத்தைச் சுருக்கித் தரும். செய்தி படிக்க நல்லது. பணம் கட்ட வேண்டாம்.

திரையில் 503, 504 என்ற எண்கள் வந்தால் உங்கள் போன்மீது குற்றமில்லை. 503 என்றால், அந்த நேரத்தில் சர்வரால் வேலை செய்ய முடியவில்லை. 504 என்றால், ஒரு சர்வர் இன்னொன்றைக் கேட்டுக் காத்திருந்து, பதில் கிடைக்காமல் கைவிட்டுவிட்டது. இந்த 504-ல்தான் எச்சரிக்கை தேவை. வேலை நடந்திருக்கலாம்!

பணம் திரும்புமா?

திரும்பும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி செய்திருக்கிறது. யு.பி.ஐ. மூலம் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேரவில்லை என்றால், மறுநாள் முடிவதற்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டி, அவர்களுக்குத் தகவல் போகவில்லை என்றால், 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.100 நஷ்டஈடு!

பரிமாற்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் திரையாக இருந்தாலும் அதைப் படம் எடுத்து வையுங்கள். கடைசி நாள் என்றால், அன்றைக்கே அந்தப் படத்தோடு இ-சேவை மையத்துக்கோ வங்கிக்கோ போய்விடுங்கள். பணம் பிறகு திரும்பிவிடும். தவறிய கெடு திரும்பாது.

வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, 30 நாட்களில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. புகாருக்குக் கட்டணம் கிடையாது.