மணல் அச்சில் வார்க்கும் பம்பு

கோவை வார்ப்பாலைகளில் பம்பின் இரும்பு உறை பெரும்பாலும் மணல் அச்சில்தான் உருவாகிறது. முதலில் மரத்திலோ அலுமினியத்திலோ பேட்டர்ன் எனும் மாதிரி உரு செய்யப்படும். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்குவதால், பேட்டர்ன் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

சிலிக்கா மணல், பெண்டோனைட் களிமண், நிலக்கரித்தூள், சிறிது தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து, இரு பாகமான பெட்டியில் பேட்டர்னைச் சுற்றி இடித்து இறுக்குவார்கள். வேலையின் உயிர் இந்த மணலில்தான் இருக்கிறது. ஈரம் கூடினால் நீராவி உலோகத்துக்குள் சிக்கித் துளை விழும். குறைந்தால் அச்சின் விளிம்பு உதிரும். ஆய்வுக் கருவிகள் வந்தபின்னும், ஒரு பிடி மணலை அழுத்தி உடைத்துப் பார்த்தே பதம் சொல்லும் தொழிலாளியின் கைத்திறன் மதிப்புக்குரியது.

பேட்டர்னை எடுத்தபின், உறையின் உட்குழிவுக்காக கோர் எனும் மணல் கட்டி வைக்கப்படுகிறது. முன்பு கல்கரி எரியும் கியூபோலா உலையில் இரும்பை உருக்கிய ஆலைகள் பல, மின்தூண்டல் உலைக்கு மாறிவிட்டன. அதில் வெப்பமும் சேர்மானமும் கட்டுக்குள் நிற்கும். ஏறத்தாழ 1,350 டிகிரி செல்சியஸில் இரும்பு ஊற்றப்படுகிறது. தடித்த பகுதி கடைசியில் உறைவதால், அங்கே ரைசர் என்ற தேக்கத்திலிருந்து உலோகம் இறங்கிக் குறையை நிரப்பும்.

ஆறியதும் மணலை உதிர்த்து, ரைசரை நீக்கி, எஃகுக் குண்டுகளை வீசிச் சுத்தம் செய்தபின் உறை கடைசலுக்குப் போகிறது.