நிலவேம்பும் வெள்ளித் துகளும்: மலேரியாவுக்கு மருந்து கிடைத்துவிட்டதா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் உள்ள நம் வீடுகளில் காய்ச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நிலவேம்புக் கஷாயம். பிளவக்கல் அணைப் பக்கம் போய்வருபவர்கள் மலையடிவாரத்துப் பச்சிலை என்று எதையாவது கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. இப்போது அதனுடன் ஒரு பேச்சும் சேர்ந்திருக்கிறது: "நிலவேம்பில் செய்த நானோ மருந்து மலேரியாக் கிருமியைக் கொல்கிறது என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்." இதில் உண்மை இருக்கிறது. எந்த அளவுக்கு என்பதைத்தான் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோவை பாரதியார் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பேராசிரியர் கடற்கரை முருகன் குழுவினர் 2011-இல் நிலவேம்பையும், 2012-இல் நித்தியகல்யாணி இலையையும் கொண்டு வெள்ளி நானோ துகள்கள் தயாரித்து, மலேரியா ஒட்டுண்ணி மீது சோதித்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டனர். செய்முறை எளிதுதான். இலையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை சில்வர் நைட்ரேட் கரைசலில் சேர்க்கிறார்கள். சிறிது நேரத்தில் கரைசல் பழுப்பு நிறமாகிறது. இலையில் உள்ள சத்துகள், கரைந்திருக்கும் வெள்ளியைத் திடமான நுண்துகள்களாக மாற்றி, அவற்றின் மேல் உறைபோலவும் படிந்துகொள்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இத்துகள்கள் நூறு நானோமீட்டருக்கும் குறைவானவை.

சோதிப்பதுதான் கடினம். மலேரியா ஒட்டுண்ணி மனித ரத்தச் சிவப்பணுவுக்குள் வாழ்வது. அதை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் முறையே 1976-இல்தான் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. சிவப்பணுக்களில் ஒட்டுண்ணியை வளர்த்து, வெவ்வேறு அளவில் துகள்களைச் சேர்த்து, ஒன்றிரண்டு நாள் கழித்து எத்தனை அணுக்களில் கிருமி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுவார்கள். பாதிக் கிருமிகளை அடக்க எவ்வளவு மருந்து தேவைப்பட்டது என்பதே கணக்கு. குளோரோகுயினுக்கு அடங்காத கிருமி வகைகளின் மீதும் இதே குழு பின்னர் நானோ துகள்களைச் சோதித்தது. புதிய மருந்துக்கு உலகம் காத்திருக்கும் நிலையில் இது மதிக்கத்தக்க உழைப்பு.

ஆனால் இவை கண்ணாடித் தட்டில் நடந்தவை. தட்டில் சோப்புத் தண்ணீரை ஊற்றினாலும் கிருமி சாகும்! உடலுக்குள் போன துகள் ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கும், கல்லீரலில் தங்கிவிடுமா, மனித அணுக்களுக்கு என்ன செய்யும் என்பதையெல்லாம் முதலில் எலிகளிடமும் பிறகு மனிதர்களிடமும் படிப்படியாகச் சோதிக்க வேண்டும். வெள்ளி உடலில் சேர்ந்தால் தோல் நிரந்தரமாகச் சாம்பல்நீலமாகும் நோயும் உண்டு. மூலிகை வெள்ளி நானோ துகள் எதுவும் மலேரியாவுக்கு மருந்தாக இன்றுவரை அங்கீகரிக்கப்படவில்லை. இலைகளும் இலேசானவை அல்ல: புற்றுநோய் மருந்து எடுக்கப்படும் நித்தியகல்யாணியை வீட்டில் அரைத்துக் குடித்தால் அது நஞ்சு.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. குயினைன் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. அந்த மரத்தை ஆங்கிலேயர் நம் நீலகிரியிலேயே வளர்த்தார்கள். சீனாவின் தூ யூயூ பழைய மருத்துவ நூலொன்றில் குறிப்பைக் கண்டு ஒரு செடியை ஆராய்ந்தார். வழக்கம்போல் கொதிக்கவைத்தபோது மருந்துச் சத்து கெட்டது. குறைந்த வெப்பத்தில் ஈதரில் பிரித்தபோது, 1971-இல் பலன் கிடைத்தது. அதுவே ஆர்ட்டிமிசினின். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே செடியைத் தேநீராகப் போட்டு மலேரியாவுக்குக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. ஒரு குவளையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாதே.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், அதிலும் மலேரியா அதிகமுள்ள ஒடிசா, சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களுக்குப் போய்வந்தவர் என்றால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஃபால்சிபாரம் வகை என்றால் சில நாள் தாமதமே மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். வைவாக்ஸ் வகைக்கு மூன்று நாள் குளோரோகுயினுடன் பதினான்கு நாள் பிரைமாகுயின் தருவார்கள். கர்ப்பிணி என்றாலோ ஜி6பிடி குறைபாடு இருந்தாலோ மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நான்காம் நாள் நிறுத்துபவர்கள்தான் அதிகம். கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமி மாதங்கள் கழித்தும் எழுந்து வரும்; அதை அழிப்பது அந்தப் பதினான்கு நாள் மாத்திரைதான்.