நேப்பிள்ஸ் மாவு, நம் வீட்டு ஓவன்



இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா மாவில் சேர்வது கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டுமே. எண்ணெய், சர்க்கரை எதுவும் கிடையாது. அங்கே விறகு அடுப்பின் சூடு 430 டிகிரி செல்சியஸை எட்டும். ஒன்றரை நிமிடத்தில் பீட்சா வெந்துவிடும். இந்தக் கைத்திறனை 2017இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். வேக நேரமாவதால் மாவு காய்ந்து விறைக்கும். அதனால் ஒரு கரண்டி எண்ணெய் விட்டே பிசையுங்கள். நேப்பிள்ஸ்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அரை கிலோ மைதாவுக்கு 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 2 கிராம் உலர் ஈஸ்ட் போதும். சிறு துண்டை இழுத்தால் கிழியாமல் மெல்லிய ஜவ்வாக விரிய வேண்டும், அதுதான் பிசைந்த பதம். பிறகு மூடி, ஃபிரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள். குளிரில் ஈஸ்ட் நிதானமாகப் புளிக்கவைக்கும். ருசி வருவது அதில்தான். அவசரப்பட்டு ஈஸ்டை அள்ளிப் போட்டால் மாவு பொங்கும், வாடையும் கூடவே வரும்.

சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். பூரிக்கட்டை வேண்டாம், உள்ளிருக்கும் காற்றெல்லாம் போய்விடும். நடுவிலிருந்து விரல் நுனியால் அழுத்தி, ஓரத்தில் ஒரு விரல் அகலத்தைத் தொடாமல் விடுங்கள். உப்பி எழும்புவது அந்த ஓரம்தான்.