குட்டி வருமுன் பிள்ளை தயாரா?

அயல் வளவில் நாய் குட்டி போட்டுவிட்டால் போதும், அவை கண் திறக்குமுன்பே நமது பிள்ளைகள் பெயர் வைத்துவிடுவார்கள். பெற்றோரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. காவலுக்கு ஒரு நாய் வேண்டும், அதற்கு ஒரு பிடி சோறு போதும் என்பது அவர்களது கணக்கு.

ஆனால் நாய் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இன்று ஆறாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை உயர்தரம் முடித்துத் தொழில் தேடிப் போகும் காலத்திலும் அது வாசலில் படுத்திருக்கும். இதை யோசியாமல் ஏற்ற குட்டிகளே பின்னர் உரப்பையில் கட்டப்பட்டுச் சந்தையடியில் விடப்படுகின்றன.

ஒரு மாதப் பயிற்சி

குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க ஏறத்தாழ எட்டு வாரங்கள் செல்லவேண்டும். இக்காலத்தில் பிள்ளையைப் பழக்கலாம். காலையில் பாடசாலைக்குப் போகுமுன் கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றட்டும். பின்னேரம் ஆட்டுக்குக் குழை போடட்டும். ஒரு மாதம் யாரும் ஞாபகமூட்டாமல் இவற்றைச் செய்தால் பிள்ளை தயார் எனக் கொள்ளலாம். செய்யாவிட்டால் ஏசவேண்டாம், இன்னும் ஓராண்டு பொறுப்போம்.

குட்டிக்கு மழை ஒழுகாத, நிழலான ஓரிடத்தையும் பிள்ளையே ஒதுக்கட்டும். நாய்க்கு நம்மைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே அது சூட்டைத் தணிக்கிறது. எனவே வெயிலில் கட்டிவைப்பது பெருங்கொடுமை. நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய் மூர்க்கமாகவும் மாறலாம்.

உணவும் பூச்சியும்

குட்டியின் வயிறு சிறியது. சோற்றுடன் மீன், முட்டை முதலியவற்றைச் சேர்த்து நாளுக்கு மூன்று நான்கு தடவை சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். வெங்காயமும் சொக்கிலேற்றும் நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

வட்டப்புழு தாயிடமிருந்தே குட்டிக்குத் தொற்றிவிடும். அதன் முட்டைகள் மண்ணில் கலந்து, பிள்ளைகளின் கைவழியே வயிற்றுக்குள்ளும் போகும். ஆகவே கால்நடை வைத்தியர் சொல்லும் நாட்களில் பூச்சி மருந்து கொடுப்பதும், குட்டியுடன் விளையாடியபின் கை கழுவுவதும் அவசியம்.

மறைக்கக்கூடாத கடி

1973 ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தனர். தடுப்பூசியின் பயனாக அந்தத் தொகை பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் நோயின் அறிகுறி தோன்றியபின் உயிரைக் காப்பது ஏறத்தாழ இயலாத காரியம். விசர் எனச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 வீதமானோர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிள்ளைகளிற் சிலர் கடியை மறைத்துவிடுகிறார்கள். அடி விழும் என்ற பயம் ஒன்று. நாயைக் கொன்றுவிடுவார்கள் என்ற பயம் மற்றொன்று. ஆகவே குட்டி வருமுன்பே நாம் பிள்ளைக்கு வாக்குக் கொடுப்போம்: "கடித்தாலும் கீறினாலும் புண்ணில் நக்கினாலும் உடனே சொல். உன்னை ஏசமாட்டோம்."

சொன்னவுடன் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் பூசவேண்டாம். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே சிகிச்சை இலவசம். ஊசி வேண்டுமா என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். கடித்தது நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடக்கூடாது.

நாய்க்கும் ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடவேண்டும். அரசாங்கத்தின் தடுப்பூசி முகாம்களில் இதுவும் இலவசமே. தடுப்பூசி அட்டையைப் பிள்ளையே பத்திரப்படுத்தி, அடுத்த திகதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துவைக்கட்டும்.

பெட்டைக் குட்டியானால்

பெட்டை வேண்டாம் எனப் பலர் ஒதுக்குவது குட்டிகளுக்குப் பயந்தே. பெட்டை நாய் ஓராண்டு நிறையுமுன்பே பருவமடையலாம்; சுமார் 63 நாட்களில் ஈனும். ஒரு சத்திரசிகிச்சையால் இதைத் தடுக்கலாம். கருத்தடை செய்த பெட்டையும் கடுவனைப் போலவே வீட்டைக் காக்கும்.

பிள்ளை எவ்வளவு பொறுப்பானதாயினும் மருந்துச் செலவும் இறுதித் தீர்மானமும் பெரியவர்களுடையவை. பிள்ளை காய்ச்சலில் படுக்கும் நாளில் குட்டிக்குச் சோறு வைப்பது யார் என்பதையும் இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்வோம். அதற்குப் பதில் கிடைத்தபின் குட்டியைக் கொண்டுவருவோம்.