அட்டைப்பெட்டியில் ஆயிரம் வாட்

கோயில் கொடைக்கு மைக் செட் கட்டிப் பிழைப்பவர் முதல் வீட்டில் ஹோம் தியேட்டர் வைக்க ஆசைப்படுபவர் வரை, பெரிய கம்பெனி விலை கட்டுப்படியாகாத பலர் சிறு தயாரிப்பாளர்களிடம்தான் போகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, அருமையான ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்து தருபவர்கள் உண்டு. ஆனால் ஒரு போர்டு, பளபளக்கும் பெட்டி, பெயர் ஸ்டிக்கர் மூன்றும் போதும் என்று தொழிலில் இறங்குபவர்களும் இருக்கிறார்கள். ஏமாறுவது பெரும்பாலும் இவர்களிடம்தான்.

ஏமாற்று வாட்டில் தொடங்குகிறது. ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணைக் கணக்கிட எல்லோரும் ஏற்ற முறை எதுவும் கிடையாது. கம்பெனிக்கு ஒரு கணக்கு. தொடர்ந்து எவ்வளவு திறன் தரும் என்பதைச் சொல்வது, கடைக்காரர்கள் ஆர்.எம்.எஸ். என்று சொல்லும் வாட்தான். சந்தேகம் வந்தால் கூடவே தரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கினால் 24 வாட். 24 வாட் உள்ளே போகும் பெட்டியிலிருந்து தொடர்ந்து நூறு வாட் வெளியே வராது. அமெரிக்காவில் இந்த வாட் புளுகு எல்லை மீறியதால் 1974-லேயே ஆம்ப்ளிஃபயர் திறனை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 2024-இல் அதை இன்னும் இறுக்கினார்கள்.

விலை கூடினால் உண்மையும் கூடும் என்று நம்ப வழியில்லை. 2010-இல் லெக்சிகான் நிறுவனம் 3,500 டாலருக்கு விற்ற ப்ளூ-ரே பிளேயரைத் திறந்து பார்த்தபோது, உள்ளே ஏறத்தாழ 500 டாலர் விலையுள்ள ஓப்போ பிளேயர் சட்டத்தோடு அப்படியே இருந்தது.

பணம் போனால் போகட்டும், உயிர் முக்கியம். இரும்புப் பெட்டிக்குள் வைத்த ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் இல்லாத இரண்டு பின் வயர் கொடுத்திருந்தால், உள்ளே ஒரு வயர் கழன்று பெட்டியைத் தொட்டாலே ஷாக். மழை ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கும் மைக் செட் பையனுக்கு அது உயிராபத்து. புளூடூத் ஸ்பீக்கருக்கும் வயர்லெஸ் ஹெட்போனுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு கட்டாயம். பொருளில் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். எண் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். முடியவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பொய்யான வாட் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

மைக் செட்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ‘நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது’ என்று மிரட்டுவார்கள். சுயதொழில் செய்து வயிறு கழுவ வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. அந்த மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் வெடித்துக் காயமோ வேறு பொருளுக்குச் சேதமோ ஆகி, தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்ற கடைக்காரர் பொறுப்பேற்க வேண்டிவரும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்; பல தகராறுகள் அங்கேயே தீர்கின்றன. தீராவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையமே உத்தரவிடலாம். சாதாரணமாக மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்லும் கெடுவுக்குள் எல்லா வழக்கும் முடிவதில்லை என்பது வருத்தமான உண்மை. அதனால்தான் பில், அட்டைப்பெட்டி, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

நடந்ததை ஊருக்குச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. தேதி, பில், பழுது, கம்பெனி தந்த பதில் என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். ‘திருடன்’ என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு நீங்களே வழிவிட்டதாகிவிடும்.

அடுத்த முறை பணம் கட்டும் முன், ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு, வாரண்டி எத்தனை மாதம், சர்வீஸ் எந்த ஊரில் என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.