கணிப்பொறிக்குள் ஓர் அடிமை

ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் கேட்கும் தகவல்களை ஒரே கணிப்பொறி எடுத்துக் கொடுப்பதென்றால் அது திணறிப்போகும். ஆகையால் பல கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைத்து வைப்பது வழக்கம். அவற்றுள் ஒன்றில்தான் புதிய தகவல் எழுதப்படும். மற்றவை அதனைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, கேட்போருக்கு வழங்கும். இவ்வேற்பாட்டில் முதற்பொறிக்கு 'மாஸ்டர்' என்றும் ஏனையவற்றுக்கு 'ஸ்லேவ்' என்றும் நெடுங்காலம் பெயர் வழங்கியது. எஜமானன், அடிமை என்பதே இவற்றின் பொருள். இப்பெயர்களை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று மென்பொருள் எழுதுவோரிடையே எழுந்த வழக்கைப் பற்றியே இன்று கூற விழைகிறேன்.

இவ்வுவமை கணிப்பொறிக்கு முன்பே பிறந்துவிட்டது. ரான் எக்லாஷ் என்னும் அறிஞர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதன் தடத்தைத் தேடி, 1904ஆம் ஆண்டுக்குச் செல்கிறார். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்து வானாய்வுக்கூடத்தில் டேவிட் கில் என்ற வானியலறிஞர், ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டு நடக்கும் கடிகார அமைப்பொன்றை விவரிக்கையில் இச்சொற்களை வழங்கினார். அதே கேப் டவுனில் மனிதரை விலைக்கு வாங்கி விற்கும் கொடுமை 1834ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிந்தது. இடையே கழிந்தவை எழுபதே ஆண்டுகள். அடிமையாய்ப் பிறந்த முதியோர் ஓரிருவர் அந்நகர வீதிகளில் அப்போதும் நடமாடியிருக்கக் கூடுமன்றோ?

இனி, இவ்வழக்கு நிகழ்ந்த களத்தைச் சிறிது பார்ப்போம். திறமூல மென்பொருள் என்பது, எழுதிய நிரலை மறைத்து வைக்காமல் யாவரும் படிக்கவும் திருத்தவும் விட்டுவைப்பது. உலகின் எம்மூலையிலிருந்தும் ஒரு மாணவி திருத்தம் அனுப்பலாம். ஏற்பதும் மறுப்பதும் அதனைப் பராமரிப்போரின் பொறுப்பு. விவாதமும் ஊரறிய நடக்கும். ஆகவே இங்கே ஒரு பெயரை மாற்ற விரும்புவோர் பலருடைய இசைவைப் பெற்றாக வேண்டும்.

மாற்றம் வேண்டாமென்றோர் கூறியவற்றுள் ஒன்று மிகவும் கனமானது. பெயர் என்பது நூலில் மட்டும் இருப்பதன்று, கட்டளைகளிலும் இருக்கிறது. ஒரு கட்டளையின் பெயரை மாற்றினால், அதனை நம்பி எழுதப்பட்ட எத்தனையோ நிரல்கள் ஒரே நாளில் நின்றுபோகும். 'இது வெறும் உவமை, எவரையும் குறிப்பதன்று' என்ற மற்றொரு வாதம் எனக்கு அவ்வளவு வலிவுடையதாகத் தோன்றவில்லை. தம் முன்னோர் சந்தையில் விற்கப்பட்டவர்கள் என்பதை அறிந்த ஒருவர், பாடம் கற்க அமர்ந்து அச்சொல்லை நூறு முறை தட்டச்சுச் செய்ய வேண்டியிருக்கிறது. அதுவும் போகட்டும், உவமையாவது பொருந்துகிறதா என்றால் அதுவும் இல்லை. அடிமை எஜமானனைப் படியெடுப்பவன் அல்லன்!

இதனை முதலில் உணர்ந்தவர்களுள், இணையத்தளங்களை அமைக்க உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளினர் குறிப்பிடத்தக்கவர். 2014ஆம் ஆண்டில் அவர்கள் முதலில் 'தலைவர், பின்பற்றுவோர்' என்று பொருள்படும் சொற்களை ஏற்றனர். விரைவிலேயே அவற்றையும் விடுத்து, 'முதன்மை, படி' என்னும் பொருளுடைய 'பிரைமரி', 'ரெப்ளிகா' என்பவற்றைக் கொண்டனர். பொறி செய்யும் வேலை இன்னதென்று பெயரே சொல்லிவிடுகிறது. என் கருத்தில், இவ்வழக்கு முழுவதிலும் கிடைத்த நல்ல விளைவு இதுவே.

2018ஆம் ஆண்டில் ரெடிஸ் என்ற தகவற்சேமிப்பு மென்பொருளில் நிகழ்ந்தது சுவையானது. அதனை ஆக்கிய சால்வத்தோரே சான்பிலிப்போ மாற்றத்தை விரும்பியவரல்லர். எனினும் வாதங்கள் மிகுந்தபின், 'ஸ்லேவ்' என்பதை மட்டும் விடுத்து 'ரெப்ளிகா' என்பதைக் கொண்டார். 'மாஸ்டர்' என்பது நின்றது. 'ஸ்லேவாஃப்' என்ற பழைய கட்டளையையும் அவர் நீக்கவில்லை. அதனருகே 'ரெப்ளிகாஃப்' என்ற புதியதைச் சேர்த்தார். எவருடைய நிரலும் நிற்கவில்லை.

அதே ஆண்டில் பைத்தான் மொழியிலும் சச்சரவு எழுந்தது. சில மாதங்களுக்கு முன்பே தலைமையிலிருந்து விலகியிருந்த கீடோ வான் ராசம் வந்து அதனை முடித்துவைத்தார். வந்த நான்கு திருத்தங்களுள் மூன்றை ஏற்றார். யூனிக்ஸ் அமைப்பின் சொல்லையே குறித்த நான்காவதை ஏற்கவில்லை. 2020ஆம் ஆண்டு ஜூலையில் லினக்ஸ் கருவும் இந்நெறியையே விதியாக்கிக்கொண்டது. புதிதாக எழுதுவனவற்றில் அச்சொற்கள் தவிர்க்கப்படும். வெளி நிரல்கள் நம்பியிருக்கும் இடங்களிலும், முன்பே வகுத்த வன்பொருள் இலக்கணங்களிலும் அவை இருக்கலாம்.

நிரல்களின் வரலாற்றைக் காக்கும் 'கிட்' என்ற கருவியின் வழக்கு வேறு வகையினது. அங்கே முதற்கிளைக்கு 'மாஸ்டர்' என்று பெயர். ஆனால் 'ஸ்லேவ்' என்ற கிளை கிடையாது. மூலப்படி என்ற பொருளே அதற்கு உண்டென்று பலர் வாதித்தனர். அவ்வாதத்தை எளிதில் தள்ள இயலவில்லை. 2020ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த 'கிட்' 2.28 பதிப்பு, தொடக்கக் கிளையின் பெயரைப் பயனரே முன்கூட்டித் தேர்ந்துகொள்ள வழி செய்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து 'கிட்ஹப்' தளம் புதிய திட்டங்களுக்கு 'மெயின்' என்று பெயரிடத் தொடங்கியது. பழைய திட்டங்களை மாற்றும்படி கட்டாயப்படுத்தவில்லை. பழைய பாடக்குறிப்பை வைத்துக்கொண்டு பயிலும் மாணவர், 'மாஸ்டர்' கிளையைத் தேடிக் காணாமல் மயங்குவது இதனால்தான்.