தொட்டால் ஒட்டாத படை

முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிச் செதில் உதிரும் சோரியாசிஸ் நோயாளிக்குத் தனித்தட்டு வைப்பதும், அவருடன் ஒரே ஸஹனில் உண்ணத் தயங்குவதும் நம் இல்லங்கள் சிலவற்றில் இன்றும் உண்டு. இவ்வச்சம் தேவையற்றது. இந்நோய் தொடுவதால் பரவாது. 2014இல் உலக சுகாதாரப் பேரவை நிறைவேற்றிய தீர்மானமும் இதனைத் தொற்றா நோய் என்றே குறிப்பிடுகிறது.

காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. நலமுள்ள மேல்தோல் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இந்நோயில் சில நாட்களே போதும். இவ்வேகத்தைத் தூண்டுவதில் நோய் எதிர்ப்பு அணுக்களுடன், அடித்தோலில் நார்களை உருவாக்கித் தோலுக்கு உறுதி தரும் இணைப்புத் திசு அணுக்களுக்கும் பங்குண்டு. நோயாளியின் இவ்வணுக்களை, நலமுள்ளவரின் மேல்தோல் அணுக்களுடன் சேர்த்துப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்த்தனர். நல்ல அணுக்களும் அளவுமீறிப் பெருகியதை 1985இல் அவர்கள் வெளியிட்டனர்.

உராய்வோ காயமோ பட்ட இடத்திலும் புதிய படை தோன்றலாம். ஆகவே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் சுமை தூக்குவோரும் ஆலைத் தொழிலாளரும் தோலைக் காத்துக்கொள்ள வேண்டும். செதில் கண்டால் தயங்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை அணுகலாம். மருந்தை மருத்துவர் தருவார். ஸஹனில் இடம் தர வேண்டியவர்கள் நாம்.